கையால் தொடங்கினால் ஓடுகிறது, ரீபூட் செய்தால் விழுகிறது

எங்கள் லினக்ஸ் சர்வரில், ஆப்பின் யூனிட் ஃபைலில் (சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் ஃபைல்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ‘ரெக்வயர்ஸ்’ என்று போட்டிருக்கிறேன். ஆனாலும் சில ரீபூட்டுகளில் எங்கள் ஆப் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ சொல்லி விழுகிறது. ஏன்?

இந்த வாரம் இதே கேள்வி மூன்று பேரிடமிருந்து. ‘ரெக்வயர்ஸ்’ என்றால் “அது இல்லாமல் நான் இல்லை” என்று அர்த்தம். “அது முதலில்” என்று அர்த்தமில்லை. சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) இரண்டையும் ஒன்றாகவே கிளப்பிவிடும், எது முந்துகிறதோ அது உங்கள் அதிர்ஷ்டம். வரிசைக்கு ‘ஆஃப்டர்’ தனியாக எழுத வேண்டும். ‘ஆஃப்டர்’ மட்டும் இருந்தாலும் போதாது: டேட்டாபேஸை யாரும் எனேபிள் செய்யாமல் (பூட்டில் தானாகத் தொடங்கும்படி வைக்காமல்) விட்டிருந்தால், அந்த வரி அதை எழுப்பாது.

ஒரு சிக்கல் உண்டு. நீங்களே யூனிட் எழுதிய சர்வீஸ் ‘டைப் சிம்பிள்’ என்றால், புராசஸ் பிறந்த கணமே சிஸ்டம்டி அதைத் தயார் என்று எடுத்துக்கொள்ளும். போர்ட் திறக்கும்வரை காத்திருக்காது. நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்திருக்கிறேன்.

என் வழக்கம்: ‘வான்ட்ஸ்’ (“அதையும் எழுப்பு, அது தோற்றாலும் நான் ஓடுவேன்”), ‘ஆஃப்டர்’, கூடவே ‘ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர்’ (விழுந்தால் மறுபடி தொடங்கு). ‘ரெக்வயர்ஸ்’ போட்டால், டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஆப்பும் சேர்ந்து விழுந்து எழும். ‘ரீஸ்டார்ட்செக்’ 5 என்று, அதாவது அடுத்த முயற்சிக்கு முன் 5 நொடி இடைவெளி, வைக்க மறக்காதீர்கள். சும்மா விட்டால் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை முயன்று, 10 நொடிக்குள் 5 தடவை தோற்றதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் குறிப்பிட்ட ஐபிக்கு லிசன் கொடுத்திருக்கிறோம். பூட்டில் ‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’. லாகின் செய்து தொடங்கினால் சரி.

‘நெட்வொர்க் டார்கெட்’டுக்குப் பின் என்று போட்டிருப்பீர்கள். பெயரை நம்ப வேண்டாம். நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்லாது. ஐபி இன்னும் வந்திருக்காது. ‘நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்’டை ‘வான்ட்ஸ்’, ‘ஆஃப்டர்’ இரண்டிலும் எழுதுங்கள். நெட்வொர்க்மேனேஜரின் வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய சென்ட்ஓஎஸ் 6 லினக்ஸ் சர்வரில் ரன்லெவலை (எந்தெந்த சர்வீஸ்கள் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் நிலை) 5-லிருந்து 3-க்கு மாற்றினோம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வரவில்லை.

செக்கான்ஃபிக் (எந்த ரன்லெவலில் எந்த சர்வீஸ் என்று வைக்கும் கமாண்ட்) லிஸ்ட் எடுங்கள். 5-க்கு ‘ஆன்’, 3-க்கு ‘ஆஃப்’ என்று காட்டும். யாரோ லெவல் 5-க்கு மட்டும் ஆன் செய்திருக்கிறார்கள். 3-க்கும் ஆன் செய்தால் தீர்ந்தது.

அப்படியே ரன்லெவல் 3-க்கான ஸ்கிரிப்டுகள் இருக்கும் ஆர்சி3.டி டைரக்டரிக்குள் ஒரு எட்டு பாருங்கள். நெட்வொர்க் எஸ்10, மைஎஸ்க்யூஎல் எஸ்64, அப்பாச்சி எஸ்85 என்று இருக்கும். சிறிய எண் முதலில் ஓடும். உங்கள் சொந்த ஸ்கிரிப்ட் எஸ்50-இல் உட்கார்ந்துகொண்டு டேட்டாபேஸைத் தேடினால் கிடைக்காது. எண்ணை ஸ்கிரிப்ட் தலைப்பிலுள்ள செக்கான்ஃபிக் வரியில் மாற்றி, செக்கான்ஃபிக்கின் டெல், ஆட், ஆன் மூன்றையும் வரிசையாகக் கொடுங்கள். சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது, அதையும் யோசியுங்கள்.

சிஸ்டம்டியில் ரன்லெவல் 2-க்கு ஒன்று, 3-க்கு வேறொன்று என்று சர்வீஸ்களைப் பிரிக்கலாமா?

முடியாது. அதில் 2, 3, 4 மூன்றும் ‘மல்டி-யூசர் டார்கெட்’ என்ற ஒரே இடத்துக்குத்தான் போகும் (டார்கெட் என்பது சேர்ந்து தொடங்க வேண்டிய சர்வீஸ்களின் தொகுப்பு). பிரித்தே ஆகவேண்டும் என்றால் சொந்தமாக ஒரு டார்கெட் எழுதி, சர்வீஸ்களை அதன்கீழ் எனேபிள் செய்யுங்கள்.