ஏழு மூட்டை சீமெந்தும் ஓர் எவ்ரியும்: வாகனக் கேள்வி பதில்

இம்முறை சின்ன வான்களைப் பற்றிய கேள்விகள் மட்டும். சுசுகி எவ்ரி போன்ற 660 சீசீ வான்களும், கார் ஒன்றின் அடித்தளத்தில் கட்டிய டொயோட்டா புரொபொக்ஸ், நிசான் ஏடி வகையும் இதில் அடங்கும்.

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் செய்கிறோம். கிழமையில் நாலைந்து நாள் கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்புக் கடைகளுக்குச் சரக்குப் போடவேண்டும். மாதம் ஒருமுறை கொழும்பு. பின்னேரத்தில் பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றி இறக்கவும் வேண்டும். எவ்ரியா, புரொபொக்ஸா? இரண்டும் வேண்டாம், காரே எடு என்கிறார் மச்சான்.
— வாசகர், மருதமுனை

மச்சான் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அது பின் இருக்கை. இந்த வான்களின் பின் இருக்கை பலகை மாதிரி நிமிர்ந்தும் மெல்லியதாகவும் இருப்பது கம்பனியின் கஞ்சத்தனத்தால் அல்ல. ஜப்பானில் சரக்கு வாகனமாகப் பதிய வேண்டுமானால், சரக்கு வைக்கும் இடம் ஆள் இருக்கும் இடத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். அதனால் இருக்கையை முன்னுக்குத் தள்ளி ஒடுக்கிவிடுகிறார்கள். கல்முனை வகுப்புக்குப் போய்வர அது போதும். பெரியவர்கள் மூன்று பேர் அதில் கொழும்புவரை இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

உங்கள் பாவனைக்கு நாங்கள் புரொபொக்ஸ் பக்கம் நிற்கிறோம். காரணம் அந்த மாதாந்தக் கொழும்புப் பயணம். டர்போ இல்லாத எவ்ரிக்கு இருப்பது 49 குதிரைவலு. எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருப்பதால் சூடும் சத்தமும் கூடவே வரும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரம் முழுக்க எஞ்சினை உச்சத்தில் கத்தவிட்டு ஓடவேண்டியிருக்கும். உயரமான ஒடுங்கிய உடம்பு என்பதால் கல்லடிப் பாலத்துக் காற்றிலேயே கையில் ஆட்டம் தெரியும். புரொபொக்ஸின் 1.5 லீற்றர் எஞ்சின் விட்ஸ், கொரோலா கார்களில் வந்த அதே 1என்இசட் எஞ்சின். பாகம் கிடைக்காது என்ற கவலை இல்லை, வேலை தெரியாத கராஜ்காரரும் இல்லை. பெல்ட் இல்லாமல் சங்கிலியில் ஓடுவதால் 100,000 கிலோமீற்றரில் டைமிங் பெல்ட் மாற்றும் செலவும் கிடையாது. ஒயில் மாற்றும்போது வடிகட்டியுடன் 3.7 லீற்றர் போகும்.

உள்ளூரோடு வேலை முடிகிறவர்களுக்கு மட்டும் எவ்ரி ஒரு படி மேல். நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள். புதிய டிஏ17 மாதிரியின் திரும்பும் ஆரை 4.1 மீற்றர். காத்தான்குடி ஒழுங்கைகளில் எதிரே ஓட்டோ வந்தாலும் பின்னால் எடுக்கத் தேவையில்லை, சறுக்குக் கதவைத் திறந்து மதிலோரமாகவே இறக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். துணிக்கட்டு பார்க்கச் சின்னதாக இருக்கும், தூக்கினால்தான் தெரியும். கூரைவரை இடம் இருக்கிறதென்று அடுக்கவேண்டாம். ஒரு கட்டைத் தராசில் போட்டு, எத்தனை கட்டு என்று கணக்குப் பண்ணுங்கள். கணக்கு அடுத்த பதிலில் இருக்கிறது.

என் எவ்ரியில் (டிஏ17) சீமெந்து ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து, பள்ளத்தில் 'டங்' என்று அடிக்கிறது. ஸ்பிரிங்குக்குள் றப்பர் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
— ஹாட்வெயார் கடைக்காரர், செங்கலடி

எத்தனை மூட்டை என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் கேள்வியே. இந்த வானின் சுமை எல்லை இரண்டு பேர் இருக்கும்போது 350 கிலோ. 50 கிலோ மூட்டையென்றால் சரியாக ஏழு. ஆனால் ஜப்பான் கணக்கில் ஒரு ஆள் 55 கிலோ. நீங்களும் உதவியாளும் தலைக்கு 80 கிலோ என்றால் 50 கிலோ கூடிவிட்டது, ஆறு மூட்டையோடு நிற்பாட்டவேண்டும். பின் இருக்கையில் ஆள் ஏறினால் அந்த 350ம் இல்லை, 250 அல்லது அதற்கும் கீழே.

'டங்' சத்தம், அச்சு மேலே வந்து பம்ப் ஸ்டொப்பர் என்ற றப்பர் கட்டையில் மோதுவது. அந்தக் கட்டை உடைந்து விழுந்திருந்தால் இரும்பும் இரும்பும் மோதும். குனிந்து பாருங்கள், இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், சில்லறைச் செலவுதான்.

பிறகு வெறும் வானைச் சமதரையில் நிற்பாட்டி, பின் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை இரு பக்கமும் அளவெடுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் களைத்துவிட்டது. மாற்றுவதென்றால் சோடியாக மாற்றவேண்டும். ஷொக் அப்சோபரில் ஒயில் கசிவையும், பின் அச்சைப் பிடிக்கும் கம்பிகளின் புஷ்களில் வெடிப்பையும் அப்போதே பார்த்துவிடலாம்.

றப்பர் வைக்கவேண்டாம் என்பதே எங்கள் பதில். பின்பக்கம் உயரும், பார்வைக்கு அழகாகவும் நிற்கும். ஆனால் அச்சோ, பெயரிங்கோ, பிரேக்கோ, டயரோ ஒரு கிலோகூட அதிகம் தாங்கப்போவதில்லை. தாழ்ந்து காட்டிய எச்சரிக்கையை மட்டும் மறைத்துவிடுகிறீர்கள். றப்பர் வைத்த சுருள்கள் அசையாமல் போக, மற்றச் சுருள்கள் அந்த வேலையையும் செய்து ஒருநாள் முறியும்.

டயரையும் பாருங்கள். எவ்ரிக்கு உரியது 145/80ஆர்12 80/78என் என்ற சரக்கு டயர். அந்த 80 என்பது ஒரு டயருக்கு 450 கிலோ. அதே அளவில் 74 என்று எழுதிய கார் டயரும் மலிவாகக் கிடைக்கும், அது தாங்குவது 375 கிலோ. காற்றையும் கார் மாதிரி எல்லாவற்றுக்கும் 30 என்று அடிக்கக்கூடாது. சாரதிக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும், வெறுமைக்கும் சுமைக்கும் தனித்தனி அளவு உண்டு. ஜப்பான் ஸ்டிக்கர் கிலோபஸ்கலில் இருக்கும்: 100 கிலோபஸ்கல் 14.5 பீஎஸ்ஐ, 240 என்றால் 35. குறைந்த காற்றில் சுமை ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, வெயில் நேரத்து ஏ4 வீதியில் வெடிக்கும்.

அடுக்கும் முறை: மூட்டைகள் முன் இருக்கையின் முதுகோடு ஒட்டியே தொடங்கவேண்டும். பின் கதவோரம் வைத்த சுமை முன் சில்லைத் தூக்கும், ஸ்டியரிங் பஞ்சுபோல் இலேசாகும்.

92 பெற்றோல் போதுமா, 95 அடிக்கவேண்டுமா?
— வாசகர், ஏறாவூர்

92 போதும். ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்த எஞ்சின்கள் இவை, அங்கே அதன் ஒக்டேன் 90ஐ ஒட்டித்தான். 95க்குக் கொடுக்கும் மேலதிகக் காசை ஒயில் மாற்றச் சேருங்கள். எவ்ரியில் இருப்பதே சுமார் 3 லீற்றர் ஒயில், அதில் ஒரு லீற்றர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. டர்போ என்றால் 5,000 கிலோமீற்றரைத் தாண்டவிடக்கூடாது.

வாழைச்சேனையிலிருந்து மீன் ஏற்றுகிறேன். ஐஸ் பெட்டித் தண்ணீர் ஒழுகி, பின் தரையில் துரு பிடித்துவிட்டது. மேலே அலுமினியத் தகடு அடித்தால் நிற்குமா?
— வாசகர், வாழைச்சேனை

நிற்காது, மறையும். தகட்டுக்கும் தரைக்கும் இடையில் உப்புத் தண்ணீர் தேங்கி, வெயிலில்கூட உலராமல் இருக்கும். தகடு அடித்த ஆணித் துளை ஒவ்வொன்றும் துருவுக்கு ஒரு வாசல்.

தரை விரிப்பை முழுதாகக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் குழாய்த் தண்ணீர். இரண்டு நாள் கதவெல்லாம் திறந்து வெயிலில் விடுங்கள். கம்பித் தூரிகையால் சுரண்டும்போது ஸ்குரூடிரைவர் முனை உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி ஒட்டத்தான் வேண்டும். போகாவிட்டால் துருவைச் செயலிழக்கச் செய்யும் 'துரு மாற்றி' திரவம் பூசி, துருத்தடுப்பு பிரைமர் இரண்டு தடவை, அதற்குமேல் பெயின்ற். தகடுகள் சேரும் இடங்களில் சீலன்ட். ஈரத்தின்மேல் தார்க் கலவை அடிப்பது பலர் செய்யும் பிழை, துருவை உள்ளே பூட்டிவைப்பது போலாகும். கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிப் பகுதியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் உண்டு, அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

பிறகு, குறைந்தது 5 சென்ரிமீற்றர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் தட்டத்தில் பெட்டியை வையுங்கள். பெட்டியின் அடைப்பானை வானுக்குள் திறக்கவேண்டாம், இறக்கிய பிறகு வெளியே வடியுங்கள். சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளம், பின் பிரேக் டிரம் இரண்டையும் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

அம்பாறையிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டி போகும்போது பதினெட்டு வளைவு ஏற்றத்தில் எவ்ரி சூடாகிறது. ரேடியேட்டர் புதிது. தண்ணீர் ஊற்றினால் சரியாகி, திரும்ப வருகிறது.
— வாசகர், சம்மாந்துறை

ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் இருக்கைக்கு அடியில். இரண்டுக்கும் நடுவே வானின் வயிற்றோடு நீளமான குழாய்கள் ஓடுகின்றன. ரேடியேட்டர் மாற்றும்போது அந்தக் குழாயில் காற்று அடைபட்டிருக்கலாம். குழாயின் இரும்புப் பகுதி துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஒழுகவும் கூடும், சூட்டில் ஆவியாவதால் தரையில் ஈரம் தெரியாது. வெள்ளைத் தடமோ நிறத் தடமோ இருக்கிறதா என்று முதலில் அடியில் பாருங்கள்.

ஒழுக்கு இல்லையென்றால் காற்றை எடுக்கவேண்டும். எஞ்சின் முழுதாக ஆறியபின், வானின் மூக்கு உயரும்படி சரிவில் நிற்பாட்டுங்கள். ஹீற்றரை முழுச் சூட்டில் வையுங்கள். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் அந்த ஊற்றலிலேயே காற்று புகும். காற்றெடுக்கும் ஸ்குரூ இருந்தால் குமிழி நிற்கும்வரை அதைத் திறந்து வைக்கலாம். மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, இறங்க இறங்க நிரப்பி, ததும்பத் தொடங்கினால் மூடிவிடுங்கள். விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை விட்டு, மறுநாள் காலை உபதாங்கியில் மட்டம் பாருங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்கவேண்டும்.

வயல் பக்கம் ஓடும் வான் என்பதால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பதரும் பூச்சியும் அடைந்திருக்கும். உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் கழுவுங்கள். பழைய மூடியையும் மாற்றுங்கள், அழுத்தம் பிடிக்காத மூடியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.

டிஏ17இல் வெப்பமானி முள் இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும். சிவப்பு வந்தபின் அடுத்த கடைவரை ஓட்டுவோம் என்று நினைக்கவேண்டாம், அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

பாவித்த எவ்ரி ஒன்று பார்த்தேன். கிளட்ச் பெடல் இல்லை, ஆனால் கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஓட்டோ கியர் பழுதா?
— வாசகர், காத்தான்குடி

அது ஓட்டோ கியரே இல்லை. ஏஜீஎஸ் எனப்படும் அது சாதாரண 5 கியர் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது, அவ்வளவுதான். மாறும் நேரம் அக்சிலேற்றரைச் சற்றுத் தளர்த்தினால் ஆட்டம் குறையும். ஆனால் புறப்படும்போது நடுங்கினாலோ, எரிந்த மணம் வந்தாலோ கிளட்ச் முடிகிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அக்சிலேற்றரால் நிறுத்திவைத்த சாரதியின் கைங்கரியம். மாற்றலாம், ஆனால் மாற்றியபின் ஸ்கேனர் போட்டுப் புதிய கிளட்சின் நிலையைக் கணினிக்குக் கற்பிக்கவேண்டும். அந்த ஸ்கேனர் இல்லாத கராஜில் கழற்றவே விடாதீர்கள்.

ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழில் ஓட்டத் தூரம் இருக்கும், மீற்றரோடு ஒப்பிடுங்கள். மீற்றர் 40,000 காட்டி, பிரேக் பெடல் றப்பர் வழவழப்பாகவும் சாரதி இருக்கையின் வலது ஓரம் நைந்தும் இருந்தால் எதை நம்புவதென்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளத்தில் இரண்டு தடவை ஓட்டினேன். இப்போது பின்னால் 'ஙொய்' என்று சத்தம்.
— வாசகர், வெல்லாவெளி

உங்களுடையது எவ்ரி என்று எடுத்துக்கொள்கிறோம். புரொபொக்ஸ் முன் சில்லில் இழுப்பது. நான்கு சில்லும் இழுக்கும் மாதிரியைத் தவிர அதற்குப் பின்னால் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இரு சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) கிடையாது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது மூச்சுக்குழாயாலும் சீலாலும் தண்ணீரை உறிஞ்சிவிடும். முதலில் நிரப்பும் திருகாணி, பிறகு வடிக்கும் திருகாணி, இந்த ஒழுங்கில் கழற்றுங்கள். வடித்தபின் மேல் ஆணி இறுகிக் கழறாவிட்டால் புது ஒயில் ஊற்ற வழியில்லை. வருவது பால்தேத்தண்ணி நிறமென்றால் உள்ளே தண்ணீர். புது 75டபிள்யூ-90 ஜீஎல்-5 ஒயில் ஊற்றி, நூறு கிலோமீற்றர் ஓடி, அதையும் வடித்து மறுபடி நிரப்புங்கள். சத்தம் அப்போதும் இருந்தால் பெயரிங். வடித்த ஒயிலில் விரலைத் தேய்த்துப் பாருங்கள்: மாவுபோன்ற தூள் வழமையானது, நகக்கண்ணில் குத்தும் துண்டு வந்தால் உடனே திறக்கவேண்டும்.