பின்னால் வந்த வண்டி

அன்புள்ள அக்கா,

நான் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பியும் மலைவாழையும் இருக்கிறது. நான் வத்தலக்குண்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட ஒருவர் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஓடுகிறார். போன மாதம் அவர் கொடைரோடு வழியாகப் போனபோது, ஒரு நாள் கூட ஓடலாம் என்று நானும் போனேன். விடிகாலை நாலரைக்கு டோல்கேட் பக்கத்தில் தொடங்கினோம். வேடசந்தூர் வரை, 40 கிலோமீட்டருக்கு மேல் அன்றைய கணக்கு. நான் 11 கிலோமீட்டரில் நின்றுவிட்டேன். சின்னாளபட்டிகூட வரவில்லை, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மீதி நாள் முழுக்கப் பின்னால் வந்த வேனில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவமானமாக இருந்தது.

ஊரில் வந்து சொன்னால் நண்பன் சிரிக்கிறான். வேனுக்கு ஊற்றிய டீசல் காசையும் ஷூ வாங்கிய காசையும் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தால் ஒரு பிள்ளை பிழைத்திருக்கும், இதெல்லாம் போட்டோவுக்குத்தான் என்கிறான். இப்படி ஓடுவதால் உண்மையிலேயே பயன் உண்டா? அடுத்த வருடம் நானே மலையடிவாரத்துக் காட்ரோட்டிலிருந்து பண்ணைக்காடு வரை ஓடி நிதி திரட்ட நினைக்கிறேன். எப்படிப் பயிற்சி எடுப்பது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

பயிற்சியைப் பற்றி ஓடுகிறவர்களிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், நம் மலைப்பாதையில் நாலரை மணிக்கு ஓடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அந்நேரம் காட்டுமாடு நடுரோட்டில் நிற்கும், பண்ணைக்காட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போட்டோ எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். கணக்கும் ரசீதும் கேட்கிற உரிமை உங்கள் நண்பருக்கு உண்டு, தாராளமாகக் கேட்கட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ஓடிய பதினொரு கிலோமீட்டரை டோல்கேட், கெண்டைக்கால் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். வேனில் இருந்த மீதி நாளுக்கு ஒரே வரி, அதற்கு வால் போல 'அவமானமாக இருந்தது.' அந்த வேனை ஓட்டியவர் யார்? எந்த ஊர்? ஓடுகிற மனிதனின் வேகத்தில் நாலு வழிச்சாலையில் ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும், லாரிக்காரன் பின்னால் வந்து ஹாரன் அடித்தால் என்ன செய்வார், எப்போது சாப்பிடுவார், ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லையா உங்களுக்கு? அத்தனை மணி நேரம் அவர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்!

டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்புப் புற்றுநோயால் பதினெட்டு வயதில் வலது காலை இழந்த கனடாப் பையன். 1980 ஏப்ரல் 12 அன்று அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு மேற்கே ஓடத் தொடங்கினார். தினமும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர், 143 நாள், 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்கு நோய் பரவிவிட்டதால் செப்டம்பர் 1இல் நிறுத்த வேண்டி வந்தது, அடுத்த ஜூனில் 22 வயதில் இறந்துபோனார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்று கேட்டிருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1981 பிப்ரவரியில், தொகை 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, கிட்டத்தட்ட அன்றைய கனடாவின் மக்கள்தொகை அளவுக்கு. பயன் உண்டா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு போதும்.

ஆனால் எனக்கு அந்தக் கதையில் டக் ஆல்வார்ட் முக்கியம். டெர்ரியின் நண்பர், வேனை ஓட்டியவர். ஒரு மைல் முன்னால் போய் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார், டெர்ரி வந்து தண்ணீர் குடித்ததும் மறுபடி ஒரு மைல். அந்த வேன் மொத்தம் 3,000 தடவைக்கு மேல் நின்று கிளம்பியிருக்கும். நடுவில் இருவருக்கும் சண்டை வந்து பேச்சே நின்றுபோனது, டெர்ரியின் தம்பி டேரல் வந்து சேர்ந்த பிறகுதான் இறுக்கம் தளர்ந்தது. பேச்சு நின்றிருந்த நாட்களிலும் வேன் ஒரு மைல் தள்ளி நின்றுகொண்டுதான் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்துவிடும்.

பெரியப்பாவிடம் ஒரு மாட்டுவண்டி இருந்தது. தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்துக்கு அதுதான் சமையலறை, அதுதான் ஆஸ்பத்திரி. அரிசி மூட்டை, அண்டா, விறகு, கொப்புளம் வெடித்து நடக்க முடியாமல் போனவர்கள், என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகள் எல்லாம் வண்டியில். செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு நடக்கும், பெரியப்பா கடைசியில் வருவார். மாட்டை நடக்கிறவர்களின் வேகத்துக்குப் பிடித்துப் பிடித்து ஓட்ட வேண்டும், அது கை வலிக்கிற வேலை. இரவு எல்லோரும் படுத்த பிறகு வெந்நீரில் உப்புப் போட்டு ஒவ்வொருவர் காலாகப் பார்ப்பார். சண்முகநதியில் வண்டியை அவிழ்த்துவிட்டால் எல்லோரும் குளித்துவிட்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மாட்டுக்கும் சாமானுக்கும் காவல் வேண்டுமே, அவர் அங்கேயே இருந்துவிடுவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பூசத்தன்று மலையேறியதே இல்லை. கீழே இறங்கி வரும்போது திருநீறும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்து கொடுப்போம். கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொள்வார். 'தரிசனம் நல்லா ஆச்சா?' என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார். ஆனால் ஊரில் யார் யார் எத்தனை வருடம் நடந்தார்கள் என்று கணக்குச் சொல்வார்களே, அதில் பெரியப்பா பெயர் வரவே வராது, அவர் நடக்கவில்லையாம்.

அப்புறம் உங்கள் நண்பர் சொல்வது. காசை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் பிள்ளை பிழைத்துவிடும் என்று நினைக்கிறார். காசு வேண்டும்தான். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்து கிடைக்காதது ஒரு காரணம், தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒரு காரணம். இன்னொன்று, பாதியில் நின்றுபோவது. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று வருடம் தொடர்ந்து சிகிச்சை வேண்டும். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு வரும், சரி. மலையிலிருந்து மதுரைக்குக் கூடப் போகிற அம்மாவின் கூலியை யார் கொடுப்பது? வீட்டில் விட்டுவிட்டு வந்த இன்னொரு பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

நான் பெருமாள்மலைக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து லைன் வீட்டில் ஏழு வயசுப் பையன் இருந்தான். அதே நோய். அவன் அம்மா தனியாளாக அவனைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போவாள், கொண்டை ஊசி வளைவெல்லாம் அவன் வாந்தி எடுத்துக்கொண்டே போவான், ராத்திரி கடைசி பஸ்ஸில் திரும்பி வருவார்கள். நாலைந்து மாதத்தில் தேறிவிட்டான், முடிகூட முளைத்தது. அப்போது காப்பிப் பழம் எடுக்கிற சமயம் வந்தது. மூன்று வாரம் போகவில்லை, அப்புறம் அவள் போகவே இல்லை. பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்றாள். எனக்கு அப்போது வேலை கிடையாது, வீட்டில்தான் சும்மா இருந்தேன். கையில் காசு கொடுத்தேன், இரண்டு தடவை கொடுத்தேன். 'நீ பழம் எடுக்கப் போ, நான் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மழைக்கு அவன் இல்லை.

இதனால்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன், தம்பி. நீங்கள் கொடுத்த ஒவ்வொரு பாட்டில் தண்ணீரையும் அந்த ஓடுகிறவர் குடித்துவிட்டுத்தான் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கிறார். ஓட முடியாமல் போனதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டுக்குத் திரும்பியிருக்கலாம், நீங்கள் திரும்பவில்லை. அதை அவமானம் என்று இன்னொரு முறை எழுதினால் உங்கள் கடிதத்தைப் படிக்கவே மாட்டேன்.

காட்ரோட்டிலிருந்து ஓடுகிறதென்றால் ஓடுங்கள், நானும் பணம் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால், மருந்துக்கடையில்தானே நிற்கிறீர்கள், மதுரைச் சீட்டை நீட்டிக்கொண்டு எந்தெந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒரு வீட்டில் போய், வாரத்தில் உங்களுக்கு லீவு என்றைக்கு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்த வேன்காரர் நம்பர் வாங்கியிருந்தால் ஒரு போன் போடுங்கள். இப்போது எந்த ஊர் தாண்டியிருக்கிறார், அன்று மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா