ஃபாமோடிடின் மாத்திரையைப் பொடித்து ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

கேள்வி: நான் மருந்தியல் முதுநிலை மாணவி. செல் வளர்ப்பில், உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வந்து இணையும் எச்2 ஏற்பியைத் தடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தான ஃபாமோடிடினின் மருந்துக்கடை மாத்திரையைப் பொடித்துப் பயன்படுத்தலாமா? அல்லது துறையில் இருக்கும், அதே வகை மருந்தான சிமெடிடினின் தூளே போதுமா?

பதில்: மாத்திரை வேண்டாம். 40 மில்லிகிராம் மாத்திரையில் மருந்தைவிட ஸ்டார்ச், செல்லுலோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்ற துணைப்பொருள்களின் எடையே அதிகம். அவற்றில் கரையாதவை செல்களின் மேல் படியும். வடிகட்டினாலோ, கரைசலில் எஞ்சிய மருந்தின் அளவைத் தனியே சோதிக்காமல் சொல்ல முடியாது. சிறிய அளவு ஆய்வுத்தரத் தூளை வாங்குவதே, வீணாகும் சோதனைகளோடு ஒப்பிட்டால், சிக்கனம்.

சிமெடிடினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கின் குழுவினர் உருவாக்கி, 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இந்த மருந்தில், ஹிஸ்டமினில் உள்ள அதே இமிடசோல் வளையம் இருக்கிறது. அந்த வளையம், மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகளின் இரும்பையும் பற்றிக்கொள்வதால், கல்லீரல் செல்களில் வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், நீங்கள் காணும் மாற்றம் ஏற்பி தடைப்பட்டதால் வந்ததா, நொதி முடங்கியதால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. தயசோல் வளையம் கொண்ட ஃபாமோடிடினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, வீரியமோ அதிகம். (இரைப்பைப் புண்ணுக்கு இரவில் 800 மில்லிகிராம் சிமெடிடின் கொடுக்கும் இடத்தில் ஃபாமோடிடின் 40 மில்லிகிராம்தான்.) ஆகவே ஃபாமோடிடினை முதன்மையாகக் கொள்ளுங்கள், சிமெடிடினைத் தூக்கி எறிய வேண்டாம். அமைப்பில் வேறுபட்ட இரண்டு தடுப்பான்களும் ஒரே முடிவைத் தந்தால் உங்கள் வாதத்துக்கு வலு கூடும்.

ஃபாமோடிடின் தண்ணீரில் குறைவாகவே கரையும் என்பதால் டிஎம்எஸ்ஓ (டைமெதில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 337.45, எனவே ஒரு மில்லிலிட்டருக்கு 3.37 மில்லிகிராம் என்றால் 10 மில்லிமோலார் மூலக்கரைசல் கிடைக்கும். அதைச் சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே உருக்கிப் பயன்படுத்துங்கள். வளர்ப்பு ஊடகத்தில் ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால் 10 மைக்ரோமோலார் ஆகும். அது மில்லிலிட்டருக்கு 3.4 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால் வீழ்படிவாகும் என்ற அச்சம் தேவையில்லை. அப்போது ஊடகத்தில் 0.1 சதவீதம் டிஎம்எஸ்ஓ இருக்கும். மருந்து சேர்க்காத கன்ட்ரோல் குழிகளிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் செல்லில் எச்2 ஏற்பி இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஹிஸ்டமின் மட்டும் கொடுத்து, எச்2 ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் கூடும் சைகை மூலக்கூறான சுழல் ஏஎம்பி உயர்கிறதா என்று அளந்து, ஹிஸ்டமினுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே ஃபாமோடிடின் கொடுத்த குழிகளில் அந்த உயர்வு அடங்குகிறதா என்று பாருங்கள். ஹிஸ்டமினுக்கே அசையாத செல்லில் தடுப்பானைச் சோதிப்பதில் பொருளில்லை. எச்2 ஏற்பி இருப்பது நன்கு அறியப்பட்ட எச்எல்-60 (மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்கள்) போன்ற செல்வரிசைக்கு மாறுவதே நல்லது.