சாவிச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கும் குழந்தை: கேள்வி பதில்

பெரியவர்களான பிறகும் நமக்குள் இருக்கும் குழந்தையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மனநல ஆலோசகராக நான் தினமும் உட்கார்ந்து கேட்கிற விஷயம் இது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, ‘உள்மனக் குழந்தை’ன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா? இல்ல, சும்மா அழகா இருக்கேன்னு சொல்றதா?

மூளைக்குள் தேடினால் அப்படி ஓர் இடம் கிடைக்காது. அது நோயின் பெயரும் இல்லை. சின்ன வயதில் படிந்த பயம், வெட்கம், ஏக்கம், ‘இப்படி இருந்தால்தான் நம்மை நேசிப்பார்கள்’ என்று போட்டுவைத்த கணக்கு, இதெல்லாம் வயது ஏறினாலும் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பெயர். ஒவ்வொருவருக்குள்ளும் பெற்றோர், பெரியவர், குழந்தை என்று மூன்று நிலைகள் மாறி மாறிப் பேசுகின்றன என்று 1950களில் மனநல மருத்துவர் எரிக் பெர்ன் சொன்னார். பின்னாளில் உளவியலாளர் ஜெஃப்ரி யங், சின்ன வயதில் படிந்த மனப்போக்குகளை மாற்ற உருவாக்கிய ஸ்கீமா தெரபி என்ற சிகிச்சையில், காயப்பட்ட குழந்தையோடு அதைக் கவனித்துக்கொள்ளும் ‘ஆரோக்கியமான பெரியவர்’ ஒருவரும் வருவார். எனக்கு அந்தப் பெரியவர்தான் முக்கியம். குழந்தை அழுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமே!

மேடம், எனக்கு 38 வயது. என் கணவர் மிக நல்லவர். ஆனாலும் அவர் வெளியிலிருந்து வந்து கதவில் சாவி போடும் சத்தம் கேட்டால், சோஃபாவில் சாய்ந்திருக்கிற நான் சட்டென்று எழுந்து எதையாவது அடுக்க ஆரம்பித்துவிடுகிறேன். அப்பா வீட்டுக்கு வரும்போது நாங்கள் அப்படித்தான் செய்வோம். இது எப்போது போகும்?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காரணத்தை நீங்களே சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் மட்டும் இது போவதில்லை. உடம்பு தேதி பார்க்காது. ஆபத்து வரலாம் என்று தோன்றினால், நாம் யோசித்து முடிப்பதற்குள் மூளை தசைகளை முறுக்கிவிடும். அப்பா மனநிலை சரியில்லாமல் வந்த நாட்களில் அந்த வேகம்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கும். அதனால் முதலில் அந்தச் சிறுமியைத் திட்டாதீர்கள். அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவள்.

அடுத்த முறை சாவிச் சத்தம் கேட்கும்போது எழுந்துவிட்டால் எழுந்துவிடுங்கள், தடுக்க வேண்டாம். எங்கே இறுகுகிறது என்று மட்டும் பாருங்கள். தோளா, வயிறா? ‘இப்போது எனக்கு எத்தனை வயது மாதிரி இருக்கிறது?’ என்று கேளுங்கள். ஏழு, எட்டு என்று ஏதாவது ஓர் எண் தானாக வரும். சில நாள் கழித்து, எழுந்த கையோடு மறுபடி உட்காருங்கள். உள்ளங்கையை சோஃபாத் துணிமேல் வைத்து அதன் சொரசொரப்பை உணருங்கள். ‘வருவது அவர். இது என் வீடு. நான் சாய்ந்திருக்கலாம்’ என்று வாய்விட்டே சொல்லுங்கள். பத்து விநாடி போதும். முதல் நாள் அந்தப் பத்து விநாடியே நரகமாக இருக்கும்.

கணவரிடமும் சொல்லிவிடுங்கள். சாவி போடுவதற்கு முன் வாசலிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அப்பாவிடமிருந்து வராத ஒரு சத்தம் அது. மாதக்கணக்கில் பழகப் பழக, எழுந்து நிற்கும் வேகம் குறையும். முழுக்கப் போகாமலும் இருக்கலாம். போகாவிட்டாலும், அந்தச் சிறுமி அதன்பின் தனியாக நிற்க மாட்டாள்.

என்னை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. 97 மார்க் வாங்கினால் ‘மீதி மூணு எங்கே?’ என்பார்கள், அவ்வளவுதான். இதையெல்லாம் காயம் என்று சொன்னால் நன்றிகெட்டதனம் ஆகாதா?

ஆகாது. பெற்றோர்மேல் பிராது கொடுக்கச் சொல்லவில்லையே. குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்று 1953இலேயே குழந்தைகள் மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் எழுதினார். அவர்கள் அன்பாகவும் இருந்திருக்கலாம், அந்த மூன்று மார்க் உங்களுக்கு வலிக்கவும் செய்திருக்கலாம். இரண்டும் உண்மைதான். இன்று ஒரு வேலையை முடித்ததும், அடுத்ததைத் தொடுவதற்கு முன் முடித்ததை ஒரு நிமிடம் பாருங்கள். அந்த 97ஐ இதுவரை யாருமே பார்க்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயசாச்சு. படம் வரையணும்னு ஆசை. பென்சிலை எடுத்தாலே கூச்சமா இருக்கு.

மனநல மருத்துவர் கார்ல் யுங்குக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. வழிகாட்டியாக இருந்த ஃப்ராய்டை விட்டுப் பிரிந்து உள்ளுக்குள் தடுமாறிய நாட்களில், பத்துப் பதினோரு வயதில் கட்டைகளை அடுக்கி விளையாடியது அவர் நினைவுக்கு வந்தது. நாற்பதை நெருங்கிய டாக்டர், ஏரிக்கரையில் கல் பொறுக்கி, சாப்பிட்ட பிறகு குட்டி வீடுகளும் ஒரு கிராமமும் கட்டினார். அவமானமாக இருந்தும் விடவில்லை. நீங்களும் வரையுங்கள் ஐயா. ஒரு மாதத்துக்கு யாரிடமும் காட்டாதீர்கள். நன்றாக வர வேண்டும் என்ற கட்டாயம் வந்த நிமிடம் அது விளையாட்டாக இருக்காது.

சின்ன வயசுல கிடைக்காத பொம்மையெல்லாம் இப்ப ஆன்லைன்ல வாங்கிக் குவிக்கிறேன். கார்டு கடன் ஏறுது. உள்மனக் குழந்தைக்குத்தானேன்னு சமாதானம் சொல்லிக்கிறேன்.

ஒன்று வாங்கி, பெட்டியைப் பிரித்து, அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளையாடினீர்களா? பிரிக்காத பெட்டிகள் அடுக்கியிருந்தால் அந்தக் குழந்தை கேட்டது பொம்மையை அல்ல. நல்ல பெற்றோர் ‘இன்னைக்கு வேண்டாம் கண்ணா’ என்றும் சொல்வார்கள். அந்தக் குரலும் உங்களிடம் வளர வேண்டும்.

சிறுவயதில் இருந்த எனக்கே ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அன்றிலிருந்து தூக்கமே இல்லை.

நிறுத்திவிடுங்கள். எழுதுவது பலருக்கு உதவுகிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். கட்டுக்குள் வைத்த எழுத்து அது. நடந்தது வன்முறையோ பாலியல் அத்துமீறலோ என்றால், தனியாக அந்த நினைவுகளுக்குள் போகாதீர்கள். மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்றவரை இந்த வாரமே பாருங்கள். அதுவரை நினைவு மோதும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் வாரம் முடியக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா மாதிரி கத்தக்கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். நேத்து என் மக நோட்டைக் கிழிச்சதுக்கு அதே வார்த்தை, அதே குரல்ல கத்திட்டேன். அவ முகம் சுருங்கினது கண்ணுலயே நிக்குதுக்கா.

அந்த முகத்தைப் பார்த்தீர்களே, அதுவே பெரிய வித்தியாசம் அம்மா. கத்தாத வீடு எங்கும் இல்லை. கத்திய பிறகு திரும்பி வருவதுதான் அன்று உங்களுக்குக் கிடைக்காதது. இன்று ராத்திரி அவள் படுத்ததும் பக்கத்தில் உட்காருங்கள். ‘நேத்து அம்மா கத்தினது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும். இனிமே கோபம் வந்தா அம்மா கொஞ்சம் தள்ளிப் போயிட்டு வந்து பேசறேன்’ என்று சொல்லுங்கள். அவள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்தாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். ‘ஆனா நீ நோட்டைக் கிழிக்காம இருந்திருந்தா’ என்று மட்டும் சேர்க்காதீர்கள். நோட்டைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.