10 சென்ட்டுக்கு 66 அடி. 5 சென்ட்டுக்கு ஏன் முடிவே இல்லை?

கேள்வி: தக்கலை பக்கம் எங்களுக்குச் சதுரமான 10 சென்ட் மனை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தாள்; பக்கம் சரியாக 66 அடி. என் தம்பியின் மனையும் சதுரம்தான், 5 சென்ட். அதற்கு 46.66904756 என்று வந்து நின்றது. 'நின்றுவிட்டதே, இதுவும் விகிதமுறு எண்தான், பின்னமாக எழுதிவிடலாம்' என்கிறாள். சரியா? கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நின்றது கால்குலேட்டரின் திரை, எண் நிற்கவில்லை. பத்து இலக்கத்துக்கு மேல் காட்ட அதில் இடம் கிடையாது. திரை நிரம்பினாலே விகிதமுறா எண் என்றும் சொல்லிவிட முடியாது. 4/9-இன் வர்க்கமூலம் போட்டால் 0.6666... என்று திரை நிறையும், ஆனால் அது 2/3. இந்த விஷயத்தில் தசமத்தைப் பார்த்து முடிவு செய்யவே வேண்டாம்.

காரணிப்படுத்திப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 10 சென்ட் 4356, அதாவது 2×2×3×3×11×11. எல்லாப் பகா எண்ணும் ஜோடி ஜோடியாக இருக்கிறது. ஜோடிக்கு ஒன்றாக எடுத்தால் 2×3×11 = 66. 5 சென்ட் 2178, அதாவது 2×3×3×11×11. இங்கே 2 மட்டும் ஜோடியில்லாமல் நிற்கிறது. ஆகவே பக்கம் 33√2 அடி, விகிதமுறா எண்.

ஜோடி இல்லாவிட்டால் ஏன் பின்னமாக எழுத முடியாது? இதை மகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், வெறும் விதியாக மனப்பாடம் செய்ய விடாதீர்கள். பக்கம் p/q என்று வைத்துக்கொண்டால் p² = 2178 × q². எந்த முழு எண்ணை வர்க்கப்படுத்திக் காரணிப்படுத்தினாலும் அதில் 2 இரட்டைப்படைத் தடவைதான் வரும் (வராமலே போனால் 0 தடவை, அதுவும் இரட்டைப்படை). இடப்பக்கம் அப்படித்தான். வலப்பக்கத்தில் q²-இல் இரட்டைப்படை, 2178-இல் இன்னும் ஒன்று, மொத்தம் ஒற்றைப்படை. இரண்டும் சமமாக வழியே இல்லை. எவ்வளவு பெரிய p, q எடுத்தாலும் இதே கதிதான்.

தசமப் புள்ளி வந்தால் கவனம் தேவை. 43.56-இன் வர்க்கமூலம் 6.6. புள்ளியை ஓர் இடம் தள்ளி 435.6 என்றால் விகிதமுறா எண். முதலாவது 4356/100, இரண்டாவது 4356/10. 100 முழு வர்க்கம், 10 அப்படியில்லை. 435.6-ஐ 2178/5 என்று சுருக்கினாலும் முடிவு மாறாது. சுருக்கிய பின்னத்தின் மேலும் கீழும் முழு வர்க்கமாக இருந்தால் மட்டுமே வர்க்கமூலம் விகிதமுறு எண்.

உங்கள் 66 அடி தற்செயலாக வந்ததல்ல. ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டர் 1620-இல் கொண்டுவந்த நில அளவைச் சங்கிலியின் நீளமே 66 அடி. அதில் 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஆகவே 10 சென்ட் மனை பக்கத்துக்கு ஒரு சங்கிலி.

தம்பி கையாலை (சுற்றுச்சுவர்) கட்டுவதானால் 46 அடி 8 அங்குலம் என்று அளக்கட்டும். பரப்பில் கால் சதுர அடிகூடக் குறையாது. டேப் இல்லாமலும் அந்த நீளம் கிடைக்கும்: 33 அடிச் சதுரம் ஒன்று போட்டு, அதாவது இரண்டரை சென்ட், மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்தால் அந்தக் கயிறு மிகச் சரியாக 33√2 அடி.