தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? எந்த எண்ணெய் வாங்குவது, எங்கெங்கே விடுவது?

விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் என்று அடுப்படியில் இருக்கும் எதுவுமே வேண்டாம். கடையில் தையல் மெஷின் ஆயில் என்று கேட்டு, தண்ணீர் மாதிரி தெளிவாக, வாடை இல்லாமல் இருப்பதை வாங்குங்கள். கேட்டதற்கு நேர் பதில் இவ்வளவுதான்.

ஆனால் மாமியாரின் பழைய கால் மெஷின், பல வருடமாக மூலையில் கிடந்தது, இப்போது மிதித்தால் இறுகலாகப் போகிறது, பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தால், நல்ல எண்ணெயையே வாங்கி ஊற்றினாலும் மெஷின் உடனே ஓடும் என்று தோன்றவில்லை. ஈரோட்டில் தையல் மெஷின் ரிப்பேர்தான் எனக்குத் தொழில். தேய்ந்துபோய் என்னிடம் வரும் பழைய மெஷின்கள் குறைவு. உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகி நின்றுபோனவைதான் அதிகம்.

பவானிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மா மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். முகப்புத் தகட்டைக் கழற்றினால் உள்ளே எறும்பு சாரை சாரையாகப் போகிறது. ஊசி ஏறி இறங்கும் கம்பியைச் சுற்றி மஞ்சள் பழுப்பாக ஒரு பிசுக்கு; நகத்தால் சுரண்டினால் சுருண்டு சுருண்டு வந்தது. "ஏம்மா, என்ன எண்ணெய் விட்டீங்க?" என்றேன். "தலைக்கே வைக்கிறோம், மெஷினுக்கு ஆகாதா தம்பி?" என்றார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஏன் ஆகாது என்றால், முதல் ஒரு வாரம் நன்றாகவே ஆகும். வம்பே அங்குதான். எண்ணெயின் கெட்டித்தன்மையை 40 டிகிரி சூட்டில் அளந்து ஒரு எண்ணாகச் சொல்வார்கள். எண் கூடக் கூட எண்ணெய் கெட்டி. தேங்காய் எண்ணெய்க்கு அது கிட்டத்தட்ட 27. தையல் மெஷின் எண்ணெய்கள் பெரும்பாலும் 7லிருந்து 32க்குள் இருக்கும். ஆக, சித்திரை வெயிலில் தேங்காய் எண்ணெய் விட்டால் மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடும், விட்டவருக்கும் நம்பிக்கை வந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது மாதிரியேதான் மெஷினுக்குள்ளும் உறையும். நாளாக நாளாகக் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை வந்து, பஞ்சோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இதைவிட மோசம். வாணலியின் விளிம்பில் எண்ணெய் காய்ந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாத படலமாக நிற்குமே, அந்தப் படலம்தான் மெஷினுக்குள்ளும் வரும்.

விளக்கெண்ணெயைப் பரிந்துரைக்கும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போட்டவர்கள் அவர்கள். வண்டி அச்சுக்கு அது பிரமாதம். தையல் மெஷினில் ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மயிரிழைதான். 250ஐ ஒட்டிய கெட்டித்தன்மை உள்ள விளக்கெண்ணெய் அதற்குள் எப்படிப் போகும்? பைக்குக்கு ஊற்றிய மிச்சம் என்று என்ஜின் ஆயிலை விடுவதும் இதே கதைதான். 20டபிள்யூ-40 எல்லாம் 40 டிகிரியில் 100ஐத் தாண்டும். போதாததற்கு நிறம் வேறு, துணியில் பட்டால் போச்சு.

டபிள்யூடி-40 ஸ்ப்ரேயைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில், ஈரத்தை விரட்டித் துருப்பிடிக்காமல் காக்கச் செய்த சரக்கு அது. பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான். இறுகிய திருகைக் கழற்ற, துரு இளக என்று நானும் வைத்திருக்கிறேன். அதை எண்ணெய்க்குப் பதிலாக அடித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தால், கரைப்பான் பறந்ததும் மெல்லிய படலம்தான் மிஞ்சும். நாள் முழுக்க உரசும் இடத்துக்கு அது தாங்காது.

அப்படியென்றால் எதை வாங்குவது? தையல் மெஷின் ஆயில் என்பது நன்றாகச் சுத்திகரித்த வெள்ளை மினரல் ஆயில். பெட்ரோலியத்திலிருந்து வருவது; காற்றுப் பட்டால் சுலபத்தில் பிசினாகாது. (19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இந்த வேலைக்குத் திமிங்கில எண்ணெய் போனது என்று சொன்னால் என் கடைப் பையன் நம்ப மாட்டேன் என்கிறான்.) உஷா, சிங்கர் பேரில் வருவதும் சரிதான், பார்ட்ஸ் கடைக்காரர் தன் லேபிள் ஒட்டி விற்பதும் பெரும்பாலும் சரிதான். பிராண்டுக்காக அலைய வேண்டாம். சந்தேகம் என்றால், ஒரு சொட்டை ஸ்டீல் தட்டில் விட்டு ஜன்னல் ஓரம் ஒரு வாரம் வையுங்கள். விரலால் தொட்டால் வழுக்க வேண்டும். ஒட்டினாலோ மஞ்சளித்தாலோ அது வேண்டாம். சின்ன பாட்டில் போதும். ஒரு பிளவுஸ் தையல் கூலிக்குள் முடிந்துவிடும், வீட்டு மெஷினுக்கு வருடக்கணக்கில் வரும்.

இப்போது உங்கள் மெஷின். எண்ணெய் பாட்டிலைத் திறக்குமுன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் குற்றம் மேலே இல்லை, கீழே ஸ்டாண்டில். பெடல் ஆடும் இரு முனை, பெரிய சக்கரத்தின் அச்சு, பெடலையும் சக்கரத்தையும் இணைக்கும் நீளக் கம்பியின் இரு முனை ஆகிய இடங்களைப் பாருங்கள். சக்கர அச்சில் நூலும் முடியும் சுற்றி இறுகியிருப்பது சர்வ சாதாரணம். பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். ஸ்டாண்டுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டி எண்ணெயோ கிரீஸோ போட்டாலும் பரவாயில்லை. பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்து மாட்டியிருந்தாலும் மிதிக்கக் கனக்கும்.

பெல்ட் இல்லாமலும் சக்கரம் இறுகினால் தலைக்குள் பிசின்தான். மண்ணெண்ணெய் வேண்டும். இப்போது அது கிடைப்பதே குதிரைக்கொம்பு. அரை டம்ளர் போதும், யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். ஊசி, பாபின் எல்லாம் எடுத்துவிட்டு, முகப்புத் தகட்டைக் கழற்றி, எண்ணெய் விடும் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் கருப்பாக வழிந்திருப்பதைத் துடைத்துவிட்டு மறுபடியும் விடுங்கள். சில மெஷின்கள் மறுநாளே இளகும், சிலது ஒரு வாரம் பிகு பண்ணும். ஹேர் டிரையரால் வெளியிலிருந்து சூடு காட்டினால் பிசின் சீக்கிரம் இளகும். ஆனால் மண்ணெண்ணெயைத் தொடுமுன்பே சூடு காட்டி முடித்துவிடுங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்யவே கூடாது. அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மோட்டார் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் ஸ்பிரிட்டால் துடைப்பவர்களும் உண்டு; மெஷின் மேல் தங்க நிறப் பூ வேலை இருந்தால் அங்கே ஸ்பிரிட் படக் கூடாது, மேல்பூச்சு கரைந்துவிடும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்க மட்டும்தான். உலர்ந்தால் இரும்பு வெறுமையாக நிற்கும். அதனால் துடைத்த கையோடு மெஷின் ஆயில் விட்டுவிட வேண்டும்.

எங்கெங்கே என்று கேட்டீர்கள். மெஷினின் மேல்முதுகில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. முகப்புத் தகட்டுக்குள் ஊசிக் கம்பி, துணியை அழுத்தும் பாதத்தைத் தாங்கும் கம்பி, நூலைத் தூக்கும் கொக்கியின் மூட்டு. கைச்சக்கரம் அச்சோடு சேரும் இடம். பிறகு மெஷினைக் கீல் மேல் பின்னால் சாய்த்து, அடியில் எங்கெல்லாம் இரும்பும் இரும்பும் உரசி ஆடுகிறதோ அங்கெல்லாம். எது ஆடுகிறது என்று தெரியாவிட்டால் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே குனிந்து பாருங்கள், அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஊசிக்குக் கீழே, பாபின் கேஸைச் சுற்றி ஆடும் ஷட்டிலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், மெஷினில் அதிகமாக உரசும் இடங்களில் ஒன்று அது. பாபின் கேஸை எடுத்தபின் உள்ளே ஒரு வளையத்தை இரண்டு கொண்டிகள் பிடித்திருக்கும். கொண்டிகளை விலக்கினால் வளையமும், பிறைநிலா வடிவ ஷட்டிலும் கையோடு வந்துவிடும். அது சுழன்ற பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சும் எண்ணெயும் அமுங்கி, அட்டை மாதிரி ஒரு பட்டை படிந்திருக்கும். ஊசி முனையால் நெம்பினால் ஒரே துண்டாக வரும். அதை எடுக்காமல் மேலே எண்ணெய் விட்டால் அத்தனையையும் பஞ்சே குடித்துவிடும். ஷட்டிலின் விளிம்புக்கு ஒரு துளியும் போகாது. "தினமும் எண்ணெய் விடறேன், ஆனா சத்தம் குறையவே மாட்டேங்குது" என்று வரும் மெஷின்களில் நான் முதலில் திறப்பது இதைத்தான். பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தமாகத் தட்டி எடுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரமும் பஞ்சும் உள்ளேதான் போகும். பிறகு ஷட்டில் உரசும் விளிம்பில் ஒரே ஒரு சொட்டு.

விடக்கூடாத இடங்களும் உண்டு. பெல்ட்டில் பட்டால் வழுக்கும். பாபின் சுற்றும் ரப்பர் வளையத்தில் பட்டால் நூல் சுற்றாது, ரப்பரும் ஊறிப்போகும். மேல் நூல் போகும் டென்ஷன் தட்டுகளுக்குள் போனால் தையல் ஒரு சீராக வராது, நூலும் அழுக்காகும்.

எண்ணெய் விட்டபின் நூல் கோர்க்காமல் ஐந்து நிமிடம் மிதித்து ஓட்டிவிட்டு, வழிந்ததை எல்லாம் துடையுங்கள். அடுத்தது கழிவுத் துணியில் தைத்துப் பார்ப்பது. வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் நல்ல துணியை எடுக்காதீர்கள். ராத்திரி மூடும்போது பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்துப் பாதத்தை இறக்கிவிட்டால், கசியும் சொட்டை அது வாங்கிக்கொள்ளும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? நாள் முழுக்கத் தைப்பவர் என்றால் ஷட்டிலுக்குத் தினம் ஒரு சொட்டு, வாரம் ஒரு நாள் எல்லா இடத்துக்கும். எப்போதாவது ஓரம் அடிப்பவர், பிளவுஸ் பிரிப்பவர் என்றால் மாதம் ஒரு முறை போதும். தைக்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள்.

இதெல்லாம் கருப்புக் கால் மெஷினுக்கு. எம்பிராய்டரி, ஜிக்ஜாக் வரும் புது மின்சார மெஷின்களில் கதை வேறு. பல மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், அவற்றுக்குக் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து அனுப்புகிறார்கள். மேலிருந்து பாபின் போடும் சிலவற்றில் பிளாஸ்டிக் பாபின் கூட்டுக்கு எண்ணெயே வேண்டாம் என்று புத்தகத்தில் அச்சடித்திருக்கும். புத்தகம் என்ன சொல்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருப்பூர் பக்கம் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷினில் அடியில் தொட்டியே இருக்கும், எண்ணெய் தானாக மேலே ஏறும். தலைமேல் இருக்கும் கண்ணாடிக் குமிழில் எண்ணெய் தெறிப்பது தெரிகிறதா, தொட்டியில் அளவுக்கோடு வரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஜூகி கம்பெனி பல மெஷின்களுக்குச் சொல்லும் நியூ டெஃப்ரிக்ஸ் 1ஆம் நம்பர் எண்ணெயின் கெட்டித்தன்மை வெறும் 7. அத்தனை வேகத்துக்கு அவ்வளவு நீர்த்த எண்ணெய் தேவை. அதை வாங்கி உங்கள் கால் மெஷினுக்கு விட்டாலும் கெடுதல் இல்லை, ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். கால் மெஷினுக்கு 22ஐ ஒட்டியது வசதி.

துணியில் எண்ணெய் பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நனைக்காதீர்கள். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டு, பாத்திரம் துலக்கும் லிக்விடை ஒரு சொட்டு வைத்துக் கசக்குங்கள். காட்டனில் போய்விடும். பட்டாக இருந்தால் பவுடரோடு நிறுத்திவிட்டு டிரை கிளீனிங்கில் கொடுங்கள், எண்ணெய்க் கறை என்று சொல்லியே கொடுங்கள்.