கீபோர்டில் தொடங்கி வயலினில் முடியும் அந்த ராக் பாட்டு எது?

கேள்வி: பல வருடங்களுக்கு முன் ரேடியோவில் கேட்ட ஆங்கில ராக் பாட்டு. தொடக்கத்தில் கீபோர்டு மாதிரி ஒரு சத்தம் விடாமல் சுழலும். நடுவில் ‘டீனேஜ் வேஸ்ட்லேண்ட்’ என்று வரும். முடிவில் வயலின். என்ன பாட்டு?

அது ‘பாபா ஓ’ரைலி’. தி ஹூ என்ற லண்டன் குழு 1971இல் வெளியிட்ட ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. வயலினையும் சொல்லிவிட்டீர்கள், அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை.

நானும் இதை முதலில் ரேடியோவில்தான் கேட்டேன். பெயரைச் சொல்லாமலே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். ரொம்ப நாள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பெயர் பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது: அந்தத் தலைப்பு பாட்டுக்குள் ஓரிடத்தில்கூட வராது. பாட்டை எழுதிய பீட் டவுன்ஷெண்டு, தான் குருவாக ஏற்றுக்கொண்ட மெஹர் பாபாவின் பெயரையும், அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலியின் பெயரையும் சேர்த்து வைத்தது அது. மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் பக்கம் ஆசிரமம் வைத்திருந்தாரே, அதே மெஹர் பாபாதான்.

அந்தச் சுழலும் சத்தத்தைப் பலரும் சிந்தசைசர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது லோரி என்ற வீட்டு ஆர்கன். விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் சுரத்தைத் தானே திரும்பத் திரும்பத் தட்டும் வசதி அதில் உண்டு. சின்னச் சின்னத் துணுக்குகளை மாற்றி மாற்றி அடுக்கும் டெரி ரைலியின் பாணி அதில் நன்றாகவே தெரிகிறது. அதன்மேல் பியானோ கனமாக இறங்கும், அப்புறம் கீத் மூனின் டிரம்ஸ், பிறகு ராஜர் டால்ட்ரியின் குரல். ஒவ்வொன்றாக வந்து சேரும் அந்த முதல் இரண்டு நிமிடத்துக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன். நடுவில் குரல் மென்மையாகிறதே, அங்கே பாடுவது டவுன்ஷெண்டு. வயலின் டேவ் ஆர்பஸ் வாசித்தது. அது வேகம் பிடித்துக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும்.

இனி வேறு பாட்டுக்கும் இந்தச் சிக்கல் வந்தால், பாட்டைக் கண்டுபிடிக்கும் ஷசாம் ஆப்பைத் திறக்காதீர்கள். பாட்டு பக்கத்தில் ஒலித்தால்தான் அது கண்டுபிடிக்கும். ஒலிப்பதிவைத்தான் அது ஒப்பிடுகிறது. மெட்டு மட்டும் நினைவிருந்தால் கூகுள் ஆப்பில் பத்துப் பதினைந்து வினாடி முணுமுணுத்துப் பாருங்கள். 2020இல் வந்த வசதி. சுருதி கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை. வார்த்தை நினைவிருந்தால் தலைப்பாகத் தேடாமல், பாடல் வரியாகத் தேடுங்கள். ‘டீனேஜ் வேஸ்ட்லேண்ட்’ என்ற தலைப்பில் டவுன்ஷெண்டே வேறொரு டெமோ, அதாவது முன்னோட்டப் பதிவு, வைத்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு “இது இல்லையே” என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள். மேடைப் பதிவுகள் பலவற்றில் கடைசிப் பகுதியை டால்ட்ரி மவுத் ஆர்கனில் வாசிப்பார். உங்களுக்கு வயலின் வேண்டுமென்றால், 1971 ஸ்டுடியோ பதிவைத் தேர்ந்தெடுங்கள்.